நன்றியுரையில் மூன்று வரி

நம் வெளியீட்டுப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக நாலு பக்கம் எழுதித் தரச் சொல்லி, இப்போதைய பிரிவுத் தலைவர் போன மாதம் தொலைபேசியில் கேட்டார். ஆய்வுக் கட்டுரையைத் தயார் செய்து இதழுக்கு அனுப்புவது எப்படி என்று எழுதினால் போதும் என்றார். அதை எழுத நான் எதற்கு? ஒவ்வொரு இதழும் தன் இணையதளத்தில் விதிமுறைகளைப் போட்டிருக்கிறது. எழுத்தின் அளவு, படத்தின் தெளிவு, மேற்கோள் பட்டியலின் ஒழுங்கு எல்லாம் அதில் இருக்கின்றன. படிக்காமல் அனுப்பினால் கட்டுரை திரும்பி வரும். இரண்டு முறை திரும்பி வந்தால் தானாகப் படித்துவிடுவீர்கள். எனக்கு அப்படித்தான் படிப்பு வந்தது.

விதிமுறையில் இல்லாத ஒன்றைத்தான் எழுதப்போகிறேன். அது நான் செய்த தவறு. ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. அலுவலகத்தில் யாரிடமும் இதை முழுதாகச் சொன்னதில்லை. இப்போதும் சொல்ல ஆசை இல்லை. ஆனால் நீங்கள் உட்காரப்போவது அதே மேசையில் என்பதால் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

நான் கோவில்பட்டிக்காரி. வேலை கிடைத்து நெய்வேலிக்கு வந்தபோது, இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு ஊர்ப்பக்கம் போய்விடலாம் என்று நினைத்தேன். முப்பத்தோரு வருடம் இருந்தேன். விஞ்ஞானிகள் எழுதித் தருவதை வாங்கி, ஆங்கிலத்தைத் திருத்தி, அட்டவணையைச் சரிபார்த்து, இதழ் கேட்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்து அனுப்புவது என் வேலை. அதில் என் தனித்திறமை சுருக்குவது. ஒருவர் பழுப்பு நிலக்கரி பூமிக்குள் எப்படி உண்டானது என்பதிலிருந்து ஆரம்பித்து நாலு பக்கம் முன்னுரை எழுதிக்கொண்டு வந்தார். எட்டு வரியாக்கிக் கொடுத்தேன். முகம் செத்துப்போய் வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் வந்து, தான் என்ன சொல்ல வந்தோம் என்பது இப்போதுதான் தனக்கே புரிகிறது என்றார். ஆய்வுக்கூடத்தில் எனக்குக் கத்தரிக்கோல் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், எனக்குத் தெரியும், உள்ளூரப் பெருமைதான். அந்தப் பெருமை தலைக்கு ஏறியிருந்த காலத்தில்தான் மண்மேட்டு மரங்களைப் பற்றிய கட்டுரை என் மேசைக்கு வந்தது.

சுரங்கத்தில் நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்ணைத் தோண்டி மலை மலையாகக் கொட்டிவைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் எந்த மரம் பிழைக்கும் என்பது ஆய்வு. நம் விஞ்ஞானி ஒருவர் ஆறு வருடம் அதைச் செய்தார். அவரோடு கூடவே ஆறு வருடமும் அந்த மேட்டில் ஏறி இறங்கியவர் வீரமுத்து. பக்கத்துக் கிராமமான வடக்குத்துக்காரர், காண்ட்ராக்ட் தொழிலாளி. வாரத்துக்கு ஒரு நாள் ஒவ்வொரு கன்றின் உயரத்தையும் அளந்து சொல்வார். எது நிற்கிறது, எது போய்விட்டது என்று கணக்கு சொல்வார். விஞ்ஞானி பக்கத்தில் நின்று நோட்டில் எழுதிக்கொள்வார்.

முதல் கோடையில் புங்கன் கன்றுகள் பெரும்பாலும் குச்சியாகிவிட்டன. விஞ்ஞானி அவற்றையெல்லாம் இறந்த கணக்கில் எழுதப் போனார். வீரமுத்து விடவில்லை. ஒன்றின் அடியில் மண்ணைக் கிளறிக் காட்டி, "சாவல சார், தூங்கிகினு இருக்குது. மழை பெய்யட்டும், அப்பறமா எழுதுங்க" என்றாராம். மழை பெய்தது. பாதிக்கு மேல் வேரிலிருந்து துளிர்த்தன. கோடையில் எண்ணினால் கணக்கு தப்பும், மழைக்குப் பிறகுதான் எண்ண வேண்டும் என்பதுதான் அந்தக் கட்டுரையின் உயிரான முடிவு. விஞ்ஞானி நேர்மையான மனிதர். இதை என்னிடம் அவரே சொன்னார். கட்டுரையின் கடைசியில் வரும் நன்றியுரையில், ஆறு ஆண்டுகளும் கள அளவீடு செய்த வடக்குத்து வீரமுத்துவுக்கு நன்றி என்று வருடங்களைப் போட்டு முழுதாக எழுதியிருந்தார். அவருக்கு முன்னால் அப்போதைய இயக்குநருக்கு ஒரு நன்றி. அது வழக்கம்.

நன்றியுரையில் பெயர் வருகிறவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும் என்று அந்த இதழ் கேட்டிருந்தது. வீரமுத்துவை வரச்சொன்னேன். செருப்பை வெளியே கழற்றிவிட்டு வந்து நின்றார். உட்காரச் சொன்னேன், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். வரிகளை ஆங்கிலத்தில் படித்து, தமிழில் அர்த்தம் சொன்னேன். ஊர்ப் பெயரும் வருமா என்று கேட்டார். வரும் என்றேன். இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு படிவத்தில் தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, கீழே தேதியும் எழுதினார்.

கட்டுரையை இதழ் ஏற்றுக்கொண்டது. திருத்திய இறுதி வடிவத்தை அனுப்பக் கடைசி நாள், சாயங்காலம் ஐந்து மணி. எட்டுப் பக்கத்துக்கு மேல் ஒரு வரி போனாலும் இணையதளம் வாங்காது. மூன்றரை மணிக்கு எல்லாத் திருத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால், ஒன்பதாம் பக்கத்தில் மூன்று வரி நிற்கிறது. விஞ்ஞானி சென்னையில் ஒரு கூட்டத்தில் இருந்தார். கைபேசி அணைந்திருந்தது.

மூன்று வரி எனக்கு ஒரு விஷயமே இல்லை. எங்கே எடுக்கலாம் என்று பார்த்தேன். முன்னுரையில் ஒரு வாக்கியம் இருந்தது. நானே எழுதியது, நன்றாக அமைந்த வாக்கியம். அதை எடுக்க மனம் வரவில்லை. மேற்கோள் பட்டியலில் இயக்குநரின் பழைய கட்டுரை ஒன்று இருந்தது. அதற்கும் இந்த ஆய்வுக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஆனால் அச்சானதும் இயக்குநர் முதலில் தேடுவது அதைத்தான். நன்றியுரைக்கு வந்தேன். இயக்குநரை எடுக்க முடியாது. வீரமுத்துவின் பெயர், ஊர், வருடங்கள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு, கள ஊழியர்களுக்கும் நன்றி என்று இரண்டே ஆங்கிலச் சொற்களில் முடித்தேன். எட்டாம் பக்கத்தின் அடியில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அனுப்பிவிட்டேன்.

அதோடு விட்டேனா? மேசையில் தேவையில்லாத தாள் இருக்கக் கூடாது என்பது என் கொள்கை. பெயரே இல்லாதபோது சம்மதப் படிவம் எதற்கு என்று அதையும் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டேன். விஞ்ஞானி திரும்பி வந்ததும், மூன்று வரி சுருக்கினேன் என்று மட்டும் சொன்னேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை. என் கைமேல் அவ்வளவு நம்பிக்கை.

கட்டுரை அச்சாகி வந்தபோது வீரமுத்து ஒரு பிரதி கேட்டார். அச்செடுத்துத் தைத்து, உறையில் போட்டுக் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார். அந்த நிமிடத்தில் எனக்கு ஏதாவது உறுத்தியிருக்கும் என்று நினைக்கிறீர்களா? இல்லை. அவர் பெயரை எடுத்ததே எனக்கு நினைவில் இல்லை. இன்றைக்கும் என்னால் தாங்க முடியாதது அதுதான்.

ஆறேழு வருடம் கழிந்தது. விஞ்ஞானி ஓய்வு பெற்று மதுரைக்குப் போய்விட்டார். வீரமுத்து வேறு வேறு காண்ட்ராக்டில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பழைய காண்ட்ராக்ட் தொழிலாளர்களைப் பட்டியல் எடுத்து, அதிலிருந்து சிலரைப் பர்மனென்ட் ஆக்கப்போவதாகச் செய்தி வந்தது. நெய்வேலியில் இருக்கும் உங்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. குவார்ட்டர்ஸ், ஆஸ்பத்திரி, வயதான பிறகு ஒரு பிடிப்பு, எல்லாமே அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. எந்த வருடத்திலிருந்து வேலை பார்க்கிறோம் என்பதற்கு, அந்தக் காலத்திலேயே உண்டான எழுத்து ஆதாரம் ஒன்றைக் காட்ட வேண்டும் என்றார்கள். வீரமுத்துவிடம் கடைசி மூன்று வருட கேட் பாஸ் மட்டும் இருந்தது. காண்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் பழைய பாஸை வாங்கிக்கொண்டுதான் புதியதைக் கொடுத்திருக்கிறார்கள்.

ஒரு காலை வேளையில் என் மேசைக்கு வந்தார். தலை நரைத்திருந்தது. கையில் நான் கொடுத்த அதே உறை, மேலே பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது.

"மேடம், இதுல என் பேரு இருக்கற எடத்துல பேனாவுல ஒரு கோடு போட்டு, ஓரத்துல ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க. ஆபீஸ்ல காமிச்சா போதும்னு சொல்லிக்கினாங்க. வருஷம்லாம் அச்சுல இருக்குதுங்களே."

சந்தோஷமாகப் பிரித்தேன். நிஜமாகவே சந்தோஷம். நம் மேசையிலிருந்து போன ஒரு தாள் ஒரு மனிதருக்கு வேலை வாங்கித் தரப்போகிறது என்று. கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். இயக்குநரின் பெயர் இருந்தது. அதற்குப் பக்கத்தில் அந்த இரண்டு சொற்கள். அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது, மூன்றரை மணி, ஒன்பதாம் பக்கம், எல்லாம்.

அவர் எதிரில் பேனாவை நீட்டிக்கொண்டு நிற்கிறார். நான் பொய் சொன்னேன். அலுவலக முத்திரை அதிகாரியிடம் இருக்கிறது, தாள் என்னிடம் இருக்கட்டும், நாளைக்கு வாருங்கள் என்றேன். நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

அன்று முழுவதும் தேடினேன். கள நோட்டுகள் கிடைத்தன. எல்லாம் விஞ்ஞானியின் எழுத்து, விஞ்ஞானியின் கையெழுத்து. அளந்து சொன்னவர் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை. மதுரைக்குப் பேசினேன். விஞ்ஞானியிடம் நடந்ததைச் சொன்னேன். வீரமுத்து ஆறு வருடமும் தன்னோடு வேலை பார்த்தார் என்று அன்றைக்கே கடிதம் எழுதி அனுப்புவதாகச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் வீரமுத்து சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அங்கிருந்து நேராகப் பட்டியல் எடுக்கிற அலுவலகத்துக்குப் போகிற உத்தேசம். அறைக்குள் நாலு பேர் இருந்ததால் அவரை சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். அதிலும் என் மானத்தைத்தான் பார்த்திருக்கிறேன், பாருங்கள். அங்கே நின்றுகொண்டு சொன்னேன். உங்கள் பெயர் இதில் இல்லை, இடம் பத்தவில்லை என்று நான்தான் எடுத்தேன், அப்போதே உங்களிடம் சொல்லவும் இல்லை.

முதலில் அவருக்குப் புரியவில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

"அப்ப நா கையெழுத்து போட்டேனே மேடம், அந்தத் தாளு? அதுல தேதி போட்டிருந்தேன்."

அதையும் கிழித்துவிட்டேன் என்று சொன்னேன். இயக்குநர் பெயர் மட்டும் இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. இத்தனை வருடமாக ஏன் சொல்லவில்லை என்றும் கேட்கவில்லை. என் கையிலிருந்த கட்டுரையை வாங்கி உறையில் போட்டு, பிளாஸ்டிக் பையைப் பழையபடி சுற்றினார்.

"சரிங்க மேடம். வூட்ல மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. எம் பொண்டாட்டி, புக்குல என் பேரு வந்துருக்குதுன்னு தெருவெல்லாம் சொல்லி வச்சிகினு இருக்குது. நானே சொல்லிக்கிறேன்."

விஞ்ஞானியின் கடிதத்தை எடுத்துக்கொண்டு நானே அந்த அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி பொறுமையாகப் படித்தார். இன்றைக்கு எழுதித் தரும் கடிதத்தை வாங்கினால் ஆளாளுக்கு ஒரு கடிதம் கொண்டு வருவார்கள், அந்தக் காலத்துத் தாள் ஏதாவது இருந்தால் கொடுங்கள், உடனே சேர்க்கிறேன் என்றார். அவர் சொன்னதில் தவறு இல்லை. அந்தக் காலத்துத் தாள் ஒன்று இருந்தது, அதை நான் கிழித்தேன் என்று அவரிடமும் சொன்னேன். என்ன செய்வது அம்மா என்றார்.

பிறகு இதழாசிரியருக்கு எழுதினேன். நன்றியுரையில் பிழை நேர்ந்துவிட்டது, ஒரு திருத்தம் வெளியிட வேண்டும் என்று கேட்டேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிக நீளமான கடிதம் அதுதான். ஒரு வரியைக்கூடச் சுருக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த புங்கன் கன்று வரைக்கும் எழுதினேன். ஐந்து வாரம் கழித்துப் பதில் வந்தது. ஆய்வின் முடிவுகளை மாற்றக்கூடிய பிழைகளுக்கு மட்டுமே திருத்தம் வெளியிடுவது இதழின் வழக்கம், விடுபட்ட நன்றி அந்த வகையில் வராது, வருந்துகிறோம். இதைவிடக் கச்சிதமாக நானும் எழுதியிருக்க மாட்டேன். அதற்குள் பட்டியலையும் மூடிவிட்டார்கள்.

இங்கே நிறுத்தி உங்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று உங்களுக்கு மென்பொருள் வந்துவிட்டது. இத்தனை சொல்லில் வேண்டும் என்றால் அந்த நொடியே சுருக்கிக் கொடுக்கிறது. அதை நான் குறை சொல்லப்போவதில்லை. எந்த வரியை விடுவது என்று முடிவு செய்ய வேண்டிய இடத்தில் மட்டும் நீங்கள் இருங்கள். அவசரத்தில் கை எங்கே போகும் தெரியுமா? யார் வந்து கேட்க மாட்டாரோ அவருடைய வரிக்குத்தான் போகும். எனக்கு அப்படித்தான் போனது, இத்தனைக்கும் நான் கெட்டவள் இல்லை. ஒரு பெயரை எடுத்தே தீர வேண்டுமென்றால், அனுப்புவதற்கு முன்னால் அந்த மனிதரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். எதிரில் நிற்கவைத்துச் சொல்ல முடியவில்லை என்றால், அந்த வரி எடுக்கக்கூடிய வரி இல்லை என்று அர்த்தம். கையெழுத்து இருக்கும் தாள் எதையும் கிழிக்காதீர்கள். மேசை அசிங்கமாக இருந்துவிட்டுப் போகட்டும்.

இதழின் பதிலை எடுத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை வடக்குத்துக்குப் போனேன். நேரில் சொல்வதுதான் முறை என்று தோன்றியது. வீரமுத்து வேலைக்குப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமையும் ஷிப்டு, காண்ட்ராக்ட்தான். அவர் மனைவி அஞ்சலை இருந்தார். அதற்கு முன் நான் அவரைப் பார்த்ததில்லை. யார் என்று சொன்னதும் பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். மறுக்க மறுக்க ஓடிப்போய்ப் பக்கத்துக் கடையில் கலர் சோடா வாங்கிக்கொண்டு வந்தார்.

"வயசு தாண்டிப் போச்சுன்னு லிஸ்ட்ல எடுக்கலையாம் மேடம். இவரு வந்து சொன்னாரு. நமக்குக் குடுத்து வைக்கல, அவ்ளோதான். ஆனா நீங்க புக்குல பேரு போட்டீங்களே, அத யாரும் அழிக்க முடியாதுங்களே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வயசு தாண்டிப் போய்விட்டது என்று வீட்டில் சொல்லியிருக்கிறார். என்னால் போயிற்று என்று சொல்ல அவருக்கு எல்லா உரிமையும் இருந்தது. இந்த வீட்டில் என்னை யாரும் ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது என்று தன் தலையெழுத்தின் மேல் பழியைப் போட்டுக்கொண்டிருக்கிறார். பர்மனென்ட் கிடைக்காமல் போனதற்காகத்தான் நான் கண் கலங்குகிறேன் என்று நினைத்து, அஞ்சலை எனக்கு ஆறுதல் சொன்னார்.

பிறகு உள்ளே போய், பீரோவிலிருந்து அந்த உறையை எடுத்துக்கொண்டு வந்தார். பிளாஸ்டிக் பையைப் பிரித்தார். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கட்டுரையை என் மடியில் வைத்தார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. இவரு கடைசிப் பக்கம்னுதான் சொல்லுவாரு, எந்த எடம்னு இவருக்கும் காட்டத் தெரியல. நீங்கதான போட்டது, கொஞ்சம் காட்டுங்க மேடம்."

நானே சொல்லிக்கொள்கிறேன் என்று வீரமுத்து என்னிடம் சொல்லியிருந்தார். இனி அவர் சொல்லப்போவதில்லை என்பது எனக்குப் புரிந்தது. அதை உடைக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். அந்த இரண்டு சொற்களின் மேல் விரலை வைத்தேன். அஞ்சலை குனிந்து பார்த்தார். என் விரலை எடுக்கச் சொல்லிவிட்டு, அதே இடத்தில் தன் விரலை வைத்துக்கொண்டார்.

"ஆறு வருசத்துக்கு இவ்ளோதானா மேடம்? இத்துனூண்டு இருக்குது."

"ஆமாம்மா," என்றேன். "நான்தான் சின்னதா போட்டுட்டேன்."